தம் சுபாவத்தோடு ஆண்டவரை நாடிய வீரமாமுனிவர்



கோணான்குப்பம் பெரியநாயகி மாதா கோவிலுக்கு ஒருமுறையாவது போய்வராத கத்தோலிக்கக் குடும்பம் நம் கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் அரிது. விருத்தாசலம் சீமையில், முகாசா பரூரை அடுத்த அந்தச் சிற்றூரில் மாதாவின் சுரூபத்துக்கு முன் முழந்தாளிட்டிருக்கிறோம், நேர்ச்சை செலுத்தியிருக்கிறோம், பிள்ளைகளுக்குப் பெரியநாயகம் என்றும் பெரியநாயகி என்றும் பேர் வைத்திருக்கிறோம். ஆனால் அந்தக் கோவிலுக்கு அடிகோலிய சுவாமியார் எப்படிப்பட்ட மனிதர், அவருடைய குணம் என்ன, அந்தக் குணத்தை வைத்துக்கொண்டு அவர் சர்வேசுரனிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று கேட்டுப் பார்த்தவர்கள் சிலரே. பள்ளிக்கூடத்தில் தேம்பாவணி, சதுரகராதி, தொன்னூல் விளக்கம் என்று மூன்று பேரை நெட்டுருச் செய்து, பரீட்சை எழுதியதோடு வீரமாமுனிவரை விட்டுவிடுகிறோம்.

இந்த வாரம் அவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. வீடு சந்திக்கப் போகுமிடத்தில் அடிக்கடி ஒரே வகையான முறையீட்டைக் கேட்கிறேன். மகன் ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை முடியுமட்டும் உட்காருகிறதில்லை, ஆனால் பந்தல் போடவும் தேர் சோடிக்கவும் முதல் ஆளாய் ஓடுகிறான் என்று தாய் வருந்துகிறாள். வீட்டுக்காரர் கோவிலில் வாயே திறக்கிறதில்லை, கடைசித் தூணில் சாய்ந்து நின்றுவிட்டு வந்துவிடுகிறார் என்று மனைவி குறைப்படுகிறாள். மருமகள் பாட்டுப் பாடும்போது கண்ணீர் விடுகிறாளே, அது பக்திதானா வேஷமா என்று மாமியாருக்குச் சந்தேகம். ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த பக்திதான் பக்தி என்று எண்ணிக்கொண்டு, அடுத்தவரை அந்தப் படியால் அளக்கிறோம். அளந்து, குறைகிறது என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். இதனால் சில வீடுகளில் பிள்ளைகள் செபத்தையே வெறுத்துப்போவதைப் பார்க்கிறேன். ஆகையால் ஒரு மனிதருடைய சரித்திரத்தைச் சொல்லுகிறேன், கேளுங்கள்.

இத்தாலி தேசத்தில் மாந்துவா நகரத்துக்கு அணித்தாய்க் காஸ்திலியோனே என்று ஓர் ஊர். அங்கே 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் ஓர் ஆண்குழந்தை பிறந்தது. கொன்ஸ்தாந்து சூசை பெஸ்கி என்பது குழந்தையின் பெயர். பெயரிலே சூசையப்பர் இருக்கிறதைக் கவனித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அந்த ஊருக்கு முன்னமே ஒரு கீர்த்தி இருந்தது. நம் வாலிபர்களின் பாதுகாவலரான அர்ச். ஞானப்பிரகாசியார் 1568-ல் பிறந்த ஊர் அதுவே. பெஸ்கி பிறப்பதற்கு நூற்றுப்பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அவ்வூர்ப் பிரபுவின் மூத்த மகனாய்ப் பிறந்த ஞானப்பிரகாசியாருக்கு அரண்மனை வாழ்வு சற்றும் ஒத்துவரவில்லை. கூட்டத்தைக் கண்டால் ஒதுங்கினார், கண்களைத் தாழ்த்தியே நடந்தார், உபவாசத்திலும் தனிமையிலும் தேவனைத் தேடினார், 1585-ல் பட்டத்துரிமையைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துச் சேசுசபையில் நுழைந்தார். 1591-ல் ரோமாபுரியில் கொள்ளைநோய் பரவியபோது நோயாளிகளைத் தூக்கிச் சுமந்து பணிவிடை செய்ததில் தமக்கும் நோய் கண்டு, இருபத்துமூன்றாம் வயதில் உயிர்விட்டார். இத்தனையும் தெரிந்த ஊர். அந்த ஊர்ப் பிள்ளைகள் பக்தி என்றால் ஞானப்பிரகாசியாரைப்போல் இருப்பது என்றே கேட்டு வளர்ந்திருப்பார்கள் என்று எண்ணுவதில் தப்பில்லை.

பெஸ்கியும் அதே சேசுசபையில் 1698-ல் சேர்ந்தார். ஆனால் அவருடைய சுபாவம் முற்றிலும் வேறு. அவர் வார்த்தைகளைக் காதலித்தவர். இலத்தீன் இலக்கியத்தில் ஊறினவர். எந்த அழகைக் கண்டாலும் அதைச் சொல்லாக்கிப் பார்க்கிற மனம் அவருக்கு இருந்தது. சிரிக்கவும் சிரிக்கவைக்கவும் தெரிந்தவர். கோபம் வந்தால் எழுத்தாணியில் காரம் ஏறும். கண்களைத் தாழ்த்தி நடக்கிற குணம் அதுவல்ல. 1709-ல் குருப்பட்டம் பெற்று, 1710-ல் லிஸ்போன் துறைமுகத்தில் கப்பலேறி, அவ்வருஷமே கோவாவில் வந்திறங்கினார். 1711-ல் மதுரை மிஷனுக்கு வந்தபோது அவருக்கு வயது முப்பது.

மதுரை மிஷனுக்கு அப்போது கண்முன் நின்ற மாதிரி யார் என்பதை நினைத்துப் பாருங்கள். அர்ச். அருளானந்தர் ஓரியூர் மணலில் தலைகொடுத்த 1693-ஆம் ஆண்டு கழிந்து பதினெட்டு வருஷந்தான் ஆகியிருந்தது. லிஸ்போன் அரண்மனையில் வளர்ந்து, பண்டாரசுவாமியாய் நம் செஞ்சிச் சீமையிலும் பின் மறவர் நாட்டிலும் கால்நடையாய் அலைந்து, வேதத்துக்காக உயிரைக் கொடுத்துவிடவேண்டும் என்ற ஒரே தாகத்தோடு வாழ்ந்தவர் அவர். அவருக்கு முன் ராபர்ட் தெ நோபிலி சுவாமியார் இருந்தார். தர்க்க புத்தி உள்ளவர். ஏடுகளையும் சாஸ்திரங்களையும் வைத்துக்கொண்டு அறிவாளிகளோடு வழக்காடி வேதத்தை நிலைநாட்டினவர். இன்னும் முன்னே சவேரியார்; 1542 முதல் முத்துக்குளித்துறைக் கரையோரம் கையில் மணியோடு தெருத்தெருவாய் நடந்து பிள்ளைகளைக் கூட்டி மந்திரம் சொல்லிக்கொடுத்தவர். ஒரே சபை, ஒரே விசுவாசம், ஒரே பூசை. ஆனாலும் சவேரியார் தெ நோபிலியைப்போல் இல்லை, தெ நோபிலி அருளானந்தரைப்போல் இல்லை.

வந்த சில வருஷத்துக்குள், 1714, 1715-ல், பெஸ்கிக்கும் மரணத் தீர்ப்பு வந்து மயிரிழையில் தப்பினார். அருளானந்தருக்கு வாய்த்த முடி அவருக்கு வாய்க்கவில்லை. இரத்தம் கொடுக்கிற பாக்கியம் கிடைக்காத அவர் என்ன கொடுத்தார்? தம்மிடத்தில் எது நிரம்ப இருந்ததோ அதைக் கொடுத்தார். தமிழைக் கற்க உட்கார்ந்தார்.

கற்றார் என்று ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். ஆனால் முப்பது வயதுக்குமேல், நாக்கு ஒரு பாஷைக்குப் பழகிப் போனபின், எழுத்தாணியும் ஓலையுமாய் உட்கார்ந்து நன்னூலையும் திருக்குறளையும் சிந்தாமணியையும் கம்பரையும் கரைத்துக் குடிப்பது எத்தகைய தவம் என்று பிள்ளைகளைப் படிக்கவைக்கிற பெற்றோருக்குச் சொல்லவேண்டியதில்லை. சுப்பிரதீபக் கவிராயரிடம் தமிழ் கேட்டார் என்பர். தம் பெயரையும் தமிழாக்கித் தைரியநாதர் என்று வைத்துக்கொண்டார். வீரமாமுனிவர் என்ற பெயர் அதைத் தொடர்ந்து வந்தது. கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சியில் தங்கி, அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பேரிட்டு, அங்கே அடைக்கல மாதாவுக்குக் கோவில் எழுப்பினார். அந்த மாதாவின்மேல் ஒரு கலம்பகமே பாடினார்.

இங்கே நின்று யோசிக்கவேண்டும். ஒரு குருவானவர் இலக்கணமும் செய்யுளும் கற்றுக்கொண்டிருந்த நேரத்தில் இன்னும் நாலு ஊருக்குப் போய் ஞானஸ்நானம் கொடுத்திருக்கலாகாதா என்று கேட்கத் தோன்றும். அக்காலத்திலும் அப்படிக் கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். அவர் ஊர்களுக்குப் போகாமலும் இல்லை, பாவசங்கீர்த்தனம் கேட்காமலும் இல்லை. அது எல்லாக் குருக்களும் செய்கிற வேலை, அவரும் செய்தார். ஆனால் அவருக்கு ஆண்டவருடைய சந்நிதி எங்கே துலக்கமாய்த் தெரிந்தது என்றால், சரியான சொல் சரியான இடத்தில் வந்து விழுகிற அந்த வேளையிலேதான் என்று அவருடைய நூல்களைப் பார்த்தால் எனக்குப் படுகிறது. தச்சனுக்கு இழைப்புளி பிடிக்கையில் மனம் ஒருமுகப்படுகிறதுபோல், அவருக்கு எழுத்தாணி பிடிக்கையில் மனம் ஒருமுகப்பட்டது. அதைச் செபமாக ஆக்கிக்கொண்டார்.

அப்படிப் பிறந்தது தேம்பாவணி. மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3615 விருத்தம். 1726-ல் முடிந்தது என்பர். அதன் தலைவர் யார்? அர்ச். சூசையப்பர். வளன் என்ற தமிழ்ப் பெயரோடு காவியம் முழுவதும் அவரே நடக்கிறார்.

பங்கு மக்களே, இதைத்தான் நான் நெடுநாளாய் வியந்துகொண்டிருக்கிறேன். நான்கு சுவிசேஷங்களையும் புரட்டிப் பாருங்கள். சூசையப்பர் பேசியதாக ஒரு வார்த்தை கிடையாது. தேவமாதா பேசுகிறார்கள், சம்மனசு பேசுகிறார், ஏரோது பேசுகிறான், சிமியோன் என்ற கிழவர் கையில் குழந்தையை வாங்கிக்கொண்டு பாடுகிறார். சூசையப்பர் மட்டும் பேசுவதாக எழுதப்படவில்லை. கனவு காண்கிறார், எழுந்திருக்கிறார், சொன்னதைச் செய்கிறார், அவ்வளவே. இரவோடிரவாய் எசிப்துக்குப் போ என்றால் போகிறார், திரும்பி வா என்றால் வருகிறார். இப்படி ஒரு வார்த்தையும் பேசாத தச்சருக்கு, வார்த்தைகளால் வாழ்ந்த பெஸ்கி சுவாமியார் மூவாயிரத்தறுநூறு விருத்தம் பாடினார்.

தம்மைப்போல் வாக்குவன்மை உள்ள அர்ச்சியசிஷ்டவர்களை அவர் தேர்ந்துகொண்டிருக்கலாம். சின்னப்பர் இருந்தார், பொன்வாயர் என்று பேர்பெற்ற அருளப்பர் இருந்தார். அவர்களை விட்டுத் தமக்கு நேர் எதிரான சுபாவமுள்ளவருடைய காலடியில் போய் உட்கார்ந்தார். ஞானஸ்நானத்தில் பெற்ற பெயர் ஒரு காரணமாக இருக்கலாம். எசுப்பாஞ தேசத்து ஆகிர்த மரியம்மாள் என்ற கன்னிகை எழுதிய நூல் அவருக்கு வழிகாட்டியாக இருந்தது என்பதும் உண்மையே. ஆனால் எனக்குத் தோன்றுவது இது: நிறையப் பேசுகிற மனிதனுக்குத் தன் பேச்சிலேயே ஆபத்து இருக்கிறது என்பது தெரியும். அவர் தம் சுபாவத்தை மாற்றிக்கொண்டு மௌனியாகிவிட முயலவில்லை. முயன்றிருந்தால் தோற்றிருப்பார், நமக்கும் தேம்பாவணி இல்லை. பேச்சை வைத்துக்கொண்டே, அதை ஒரு மௌனிக்கு ஊழியம் செய்ய வைத்தார்.

சேசுசபைத் தியான முறையில் ஒரு வழக்கம் உண்டு. சுவிசேஷத்தில் ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தை முதலில் மனக்கண்ணால் பார்க்கவேண்டும்; பாதை எப்படி, குகை எவ்வளவு பெரிது, யார் யார் நிற்கிறார்கள் என்று. சபையை நிறுவிய அர்ச். இஞ்ஞாசியார் ஏற்படுத்தியது அது. குருமடத்தில் எங்களுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தார்கள். சிலருக்குப் பெத்லகேம் கண்ணாரத் தெரியும். சிலருக்கு எவ்வளவு கண்ணை மூடினாலும் இருட்டுத்தான் தெரியும், பிறகு தூக்கம் வரும். அவர்களும் நல்ல குருக்களாகி ஆத்துமங்களை நடத்துகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெஸ்கி சுவாமியாருக்கோ தெரிந்தது, அதுவும் தமிழ்நாடாகவே தெரிந்தது. தேம்பாவணியில் யூதேயா தேசத்தைப் பார்த்தால் நெல்வயலும் கரும்பும் தாமரைத் தடாகமும் நிறைந்த மருதநிலமாக இருக்கிறது. உண்மையான யூதேயா கல்லும் மேடும் வறட்சியுமான பூமி என்பது படித்த அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அவர் தியானம் செய்தது கொள்ளிடக் கரையில் உட்கார்ந்து. சேசு பாலன் அவருக்கு அந்த வரப்பின்மேல் நடந்துவந்தார். நம் கல்வராயன் மலையில் சாமையும் தினையும் விதைத்து, தேனும் கடுக்காயும் எடுத்துக்கொண்டு இறங்கி வருகிற ஒருவர் கண்ணை மூடினால் சூசையப்பர் வெள்ளிமலைச் சரிவில் கழுதையைப் பிடித்து நடந்துவரமாட்டாரா? வரலாம், வரட்டும்.

இனி அவருடைய சுபாவத்தின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். சரித்திரம் சொல்லுகிறவன் அதை மறைக்கலாகாது.

எழுத்தாணியில் காரம் ஏறும் என்றேன். தரங்கம்பாடியில் 1706 முதல் லூத்தரன் சபையார் வந்து வேலை செய்து, அச்சுக்கூடம் வைத்துப் புத்தகம் பரப்பினார்கள். பெஸ்கி சுவாமியார் 1728-ல் வேத விளக்கம் என்ற நூலை அவர்களுக்கு மறுப்பாக எழுதினார். கத்தோலிக்க விசுவாசத்தை அழகாகக் காப்பாற்றுகிற நூல்தான். ஆனால் எதிராளியைக் குத்திப் பேசுகிற சுவையும் அதில் உண்டு. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் பிரிந்த சகோதரர்களைப் பற்றி நாம் அப்படிப் பேசுகிறதில்லை. பேசவும் கூடாது. வாக்குவன்மை உள்ளவர்களுக்கு வருகிற சோதனை அது. சத்தியத்துக்காகப் பேசத் தொடங்கி, பேச்சின் ருசிக்காகப் பேசி முடிப்பது. நம் வீட்டுத் திண்ணையிலும் அது நடக்கிறது.

இன்னொன்று, அவருடைய ஆடம்பரம். காவி அங்கி, காதில் முத்துக் கடுக்கன், பல்லக்கில் புலித்தோல் விரிப்பு, இருபுறமும் மயிற்பீலி வீசுகிற ஆட்கள் என்று பழைய சரித்திரக்காரர்கள் வருணிக்கிறார்கள். சந்தா சாகிபு அவரை மதித்துப் பல்லக்கும் விருதும் கொடுத்தார் என்றும் சொல்லுகிறார்கள். இதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு பிற்காலத்தார் கூட்டியது என்று ஆராய்ச்சிக்காரர்கள் வழக்காடுகிறார்கள். பாதியே உண்மையானாலும், அருளானந்தருடைய வெறுங்காலுக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. பெரிய மடாதிபதிகள் பல்லக்கில் போன காலத்தில் வேதத்துக்கும் அந்த மரியாதை வேண்டும் என்று அவர் எண்ணியிருக்கலாம். என்றாலும் அழகை நேசிக்கிறவர்களுக்கு அழகு ஒரு கண்ணியும் ஆகும்.

சரி, அவருடைய பக்தி தம் புலமையைக் காட்டிக்கொள்ளும் வேஷந்தான் என்று ஒருவர் சொன்னால்? அதற்கு அவர் எழுதிய மற்ற நூல்கள் பதில் சொல்லுகின்றன. புலவர் மெச்சவேண்டும் என்று மட்டும் எண்ணுகிறவன் காவியத்தோடு நிறுத்திக்கொள்வான். இவரோ கித்தேரி அம்மாள் என்ற வேதசாட்சியின் சரித்திரத்தை அம்மானையாகப் பாடினார். அம்மானை என்பது பெண்கள் காய் வீசி விளையாடிக்கொண்டே பாடுகிற பாட்டு. உபதேசிமாருக்காக 1727-ல் வேதியர் ஒழுக்கம் என்று வசனத்தில் எழுதினார். அந்நாளில் வசனத்தில் எழுதுவது புலவர்களுக்குக் கௌரவம் இல்லாத வேலை. தமிழ் தெரியாமல் வந்து திண்டாடுகிற இளங்குருக்களுக்காகத் தெருவில் பேசுகிற கொடுந்தமிழுக்கே இலத்தீனில் இலக்கணம் செய்தார். செந்தமிழ் படிப்போருக்கு 1730-ல் தொன்னூல் விளக்கம். 1732-ல் பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பிரிவாய்ச் சதுரகராதி. இந்த நாட்டு ஞானத்தைத் தம் நாட்டார் அறியவேண்டும் என்று திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்தார். ஓலையில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் பார்வையில் வேறுபாடு தெரியாமல் இருந்த குழப்பத்தைத் தீர்க்கக் கொம்பை மேலே சுழித்து எழுதும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். நம் பிள்ளைகள் சிலேட்டில் சேசு என்றும் கோவில் என்றும் எழுதும்போது அந்தச் சுழி அவருடையது. ஒருவன் தன் வரத்தைத் தனக்காக வைத்திருக்கிறானா, ஆண்டவருக்குக் கொடுத்துவிட்டானா என்று பார்க்க எனக்குத் தெரிந்த அடையாளம், அது எளியவர் கைக்கு எட்டுகிறதா என்பதே.

அவருடைய சிரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பரமார்த்த குருவின் கதையை எழுதினவர் இதே வீரமாமுனிவர்தான் என்றால் சில பெரியவர்கள் நம்புகிறதில்லை. தேவமாதாவைப் பாடிய வாயா இதையும் சொன்னது என்கிறார்கள். ஆம், அதே வாய்தான். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீஷர்கள். அவர்களுக்கேற்ற ஒரு குரு. ஆற்றைக் கடக்கவேண்டும், ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்க்கிறார்கள். கரையேறியபின் ஆட்களை எண்ணுகிறான் ஒருவன். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணுகிறதால் ஐந்துதான் வருகிறது. திரும்பத் திரும்ப எண்ணி, ஒருவரை ஆறு கொண்டுபோய்விட்டது என்று ஆற்றைத் திட்டி அழுகிறார்கள். வழியே போகிற ஒருவன் அவர்களை வரிசையாக நிறுத்தி, முதுகில் ஆளுக்கொரு அடி போட்டு எண்ணிக் காட்டியபிறகுதான் ஆறு பேரும் இருப்பது தெரிகிறது.

பிள்ளைகளுக்கு இது வேடிக்கைக் கதை. எனக்கோ பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்திருக்கையில் சில வேளை நினைவுக்கு வருகிறது. அவர்போல் எனக்குச் செபிக்க வரவில்லை, இவள்போல் எனக்கு உருக்கம் வரவில்லை என்று வருந்துகிறவர்கள், எல்லாரையும் எண்ணித் தங்களை எண்ணாமல் விட்டுவிடுகிறார்கள். சர்வேசுரன் உண்டாக்கினது உன்னை. அவர் காத்திருப்பதும் உன்னை. கோவிலில் வாய் திறக்காத அந்த வீட்டுக்காரர் சூசையப்பருடைய வகையைச் சேர்ந்தவராக இருக்கலாம் என்று அவருடைய மனைவி ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். பந்தலுக்கு ஓடுகிற மகன் கையால் செபிக்கிறானோ என்னவோ. முழுச் செபமாலைக்கு முன் ஒரு பத்து மணியாவது அவனோடு அன்பாய்ச் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு, என் சுபாவத்துக்குப் பூசை ஒத்துவரவில்லை, நான் கொல்லையிலேயே செபித்துக்கொள்கிறேன் என்று யாரும் சொல்லிக்கொண்டு வரவேண்டாம். பெஸ்கி சுவாமியார் கவியாக இருந்ததனால் பூசை வைப்பதை விட்டுவிடவில்லை. கவிக்கும் மௌனிக்கும் திவ்விய நன்மை ஒன்றே. அவரவர் குணம் அவரவர் நடக்கிற நடை. கிழவன் ஒரு மாதிரி நடப்பான், குழந்தை ஒரு மாதிரி ஓடும். போகிற கோவில் ஒன்றுதான். தம் குணத்தில் கோணலானதைத் திருத்திக்கொள்ளவும் ஒவ்வொருவரும் வரப்பிரசாதம் கேட்கவேண்டும். கோபக்காரன் கோபத்தை என் சுபாவம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. குடிகாரனும் அப்படியே.

வேடிக்கை என்னவென்றால், வேத விளக்கம் வெளிவந்து பத்து வருஷம் சென்றபின், 1738-ல் பெஸ்கி சுவாமியாருடைய கொடுந்தமிழ் இலக்கணம் அச்சேறியது. அச்சிட்டவர்கள் வேறு யாருமல்ல, அவர் யாரோடு சண்டையிட்டாரோ அந்தத் தரங்கம்பாடி லூத்தரன் சபையார்தான். தமிழ் கற்கிறவர்களுக்கு அதைப்போல் உதவி வேறில்லை என்று கண்டு, பகையை ஓரத்தில் வைத்தார்கள். அவர்களுக்கு நன்றி.

கோணான்குப்பத்துக்குத் திரும்புவோம். பரூர்க் கச்சிராயரைப் பற்றியும் காட்டில் மறைந்துபோய் மறுபடி கிடைத்த சுரூபத்தைப் பற்றியும் உங்கள் பாட்டிமார் சொல்லுகிற கதையை நான் திரும்பச் சொல்லவேண்டியதில்லை. அவர்கள் என்னிலும் நன்றாகச் சொல்லுவார்கள். நான் காட்டவிரும்புவது சுரூபத்தின் கோலம். மாதாவைத் தமிழ்ப் பெண்ணாகச் சேலை உடுத்திய கோலத்தில் எழுதிக் கொடுத்து, மணிலா நகரத்தில் சுரூபம் செய்து வருவித்தார் என்பது வழிவழிச் செய்தி. ஐரோப்பாவில் எத்தனையோ அழகான சுரூபங்களைப் பார்த்து வளர்ந்தவர், இங்கே வந்தபின் மாதாவை இந்த ஊர் அம்மாவாகவே கண்டார். பெரியநாயகி என்ற பெயரும் வெளியூரிலிருந்து வந்ததன்று. விருத்தாசலத்துப் பக்கத்தில் தாய்மாரும் பாட்டிமாரும் காலங்காலமாய் அறிந்த பெயர்.

இத்தனைக்குமிடையே இன்னொரு செய்தி. தேம்பாவணி முடிந்த அதே 1726-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள், ரோமாபுரியில் பதின்மூன்றாம் ஆசீர்வாதப்பர் என்ற பாப்பு ஞானப்பிரகாசியாருக்கு அர்ச்சியசிஷ்டப் பட்டம் கொடுத்தார். ஒரே ஊர்ப் பிள்ளைகள் இருவர். ஒருவர் கண்ணைத் தாழ்த்தி இருபத்துமூன்று வயதில் மறைந்து பீடத்தில் ஏறினார். மற்றவர் கண்ணை அகலத் திறந்து இருபது வருஷத்துக்குமேல் இந்தச் சீமையில் அலைந்து பாடினார். அவருக்குப் பீடம் கிடைக்கவில்லை. 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் சிலை வைத்தார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளும் மெரினாவுக்குப் போனால் அதற்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

1741-ல் மராட்டியர் திருச்சிராப்பள்ளியைப் பிடித்துச் சந்தா சாகிபைச் சிறைகொண்டு போனார்கள். நாடு குழம்பிக் கிடந்த அந்த வருஷங்களில் பெஸ்கி சுவாமியார் தெற்கே மணப்பாடு முதலிய கரையூர்களுக்குப் போனார். கடைசியாய் மலையாள தேசத்து அம்பலக்காட்டில் சேசுசபை மடத்தில் தங்கி, 1747 பிப்ரவரி 4-ஆம் நாள், தம் அறுபத்தாறாம் வயதில் உயிர்விட்டார். பிப்ரவரி 4 அருளானந்தர் தலைகொடுத்த நாள். நம் பஞ்சாங்கத்தில் இன்றும் அது அவருடைய திருநாள். தேம்பாவணியோ நூறு வருஷத்துக்குமேல் ஓலையிலேயே கிடந்து, 1850-களின் தொடக்கத்தில் நம் புதுச்சேரி மிஷன் அச்சுக்கூடத்தில் அச்சாகி வெளிவந்தது. அதுவரை அந்த ஓலைகளைப் பூச்சி அரிக்காமல் காப்பாற்றிப் படியெடுத்து வைத்தவர்களில் பலர் பேர் தெரியாத உபதேசிமார். ஒருவரும் கவிகள் அல்லர்.